ஷீட்டில் படிந்த சிவப்பு

இலங்கையின் கித்துல்கலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அதன் பெக்டரியின் களஞ்சிய அறையில் அடுக்கி வைத்திருந்த ரப்பர் ஷீட்டுகளில் ஒரு சனிக்கிழமை காலை சிவப்புக் கறை தெரிந்தது. ஒன்றிரண்டில் இல்லை, நாற்பதுக்கும் மேலே. பெக்டரிக்குப் பொறுப்பான நிரோஷன் ஒரு ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு களஞ்சிய அறையில் வேலை செய்யும் நான்கு பெண்களையும் திரும்பிப் பார்த்தார்.

"வெத்தல எச்சில். இது யாரு வேல?"

"நான் வெத்தல போடுவேங்க, இல்லேங்கல," என்றாள் பிரேமலதா. அந்த நால்வரில் அவள்தான் மூத்தவள். "ஆனா வெளிய போயித்தான் துப்புவேன். செய்யிற வேலை மேல துப்புற சாதி இல்லைங்க நாங்க."

நிரோஷன் கேட்கவில்லை. அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை பிரேமலதாவுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அவளுடைய கணவனின் தங்கை சுதர்ஷினி ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பூஞ்சைகளைப் பற்றி ஆராய்பவள். செய்தி கேட்ட மறுநாளே பஸ் ஏறி வந்தாள். களஞ்சிய அறைக் கதவருகே நின்று கைக்கண்ணாடியால் கறையைப் பார்த்தாள். சிவப்புக்குள் பஞ்சு மாதிரி மெல்லிய நூல்கள்.

"அண்ணி, இது எச்சில் இல்ல. பூஞ்சணம். அழாதீங்க."

"நான் எங்க அழுறேன்? கோவத்துல நிக்கிறேன்."

கறை படிந்த நான்கு துண்டுகளை வெட்டி எடுத்துப்போய், அதிலிருந்த பூஞ்சையை ஆய்வுகூடத் தட்டுகளில் வளர்த்தாள். ஐந்து நாளில் தட்டுகள் நிறைந்தன. ஆனால் எல்லாமே வெள்ளை. பாலாடை மாதிரி வெள்ளை. சிவப்பு பொட்டளவுகூட இல்லை.

விசாரித்த நிரோஷனிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. தொலைபேசியில் அவர் சிரித்தார்.

"வெள்ளைன்னா அப்ப சிவப்பு எங்க இருந்து வந்துச்சு மிஸ்?"

"அதுக்குள்ள இருந்துதான் வந்துச்சு. இப்ப சிவப்பைச் செய்யாம இருக்கு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காட்டுறேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. ஆனாலும் அவளுக்குப் பயமில்லை. இந்த வகைப் பூஞ்சைகளில் சிவப்பைச் செய்யும் மரபணு எது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தன் வெள்ளைப் பூஞ்சையின் டி.என்.ஏ.யைப் பிரித்து அதைத் தேடினாள். இருந்தது. சோதனைப் படத்தில் அதற்குரிய பட்டை தெளிவாக விழுந்திருந்தது.

துறையின் மூத்த விரிவுரையாளர் சிவனேஸ்வரி படத்தைப் பார்த்துவிட்டு மறுப்பாகத் தலையாட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் இலேசில் ஒப்புக்கொள்ளாதவர்.

"மரபணு இருக்குது எண்டால் மட்டும் காணாது. அது வேலை செய்யுதெண்டு காட்டோணும்."

"காட்டுவேன் மிஸ்."

தோட்டத்தில் சிவந்தது இங்கே ஏன் சிவக்கவில்லை? இரண்டு இடங்களையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஈரம் இரண்டிலும் உண்டு. சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் களஞ்சிய அறைக்கு ஜன்னல் கிடையாது. இங்கே பூஞ்சை வளரும் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு. அதன் நேர் மேலே எப்போதும் எரியும் விளக்கு.

அன்றைக்கே புதிதாக ஆறு தட்டுகளில் பூஞ்சையை நடுவில் வைத்தாள். ஒவ்வொரு தட்டிலும் சரிபாதியை ஈயத் தாளால் மூடினாள். வியாழக்கிழமை ஒரேயொரு தட்டைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லாத அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். மற்ற ஐந்தையும் திறக்காமல் பெட்டியில் கட்டினாள்.

விசாரணை தோட்டத்து அலுவலகமான கந்தோரில் நடந்தது. தோட்டத்தை நடத்தும் துரை நடுவில் இருந்தார், நிரோஷன் பக்கத்தில், பிரேமலதா எதிரே நின்றாள். சுதர்ஷினி ஒரு தட்டை நிரோஷனிடமே நீட்டினாள்.

"நீங்களே தாளைக் கழட்டுங்க. மூடியத் திறக்க வேணாம்."

அவர் கழற்றினார். வெளிச்சம் பட்ட பாதி வெள்ளை. மூடியிருந்த பாதி, ஷீட்டில் இருந்த அதே சிவப்பு. கோடு போட்ட மாதிரிப் பிரிந்திருந்தது. அவர் அடுத்த தட்டை எடுத்தார். அதுவும் அப்படியே. ஐந்தும் அப்படியே.

எப்படி என்று துரை சிங்களத்தில் கேட்டார். சுதர்ஷினி சிங்களத்திலேயே விளக்கிவிட்டு, அண்ணிக்காகத் தமிழிலும் சொன்னாள்.

"நம்ம லயத்து வீடுங்கள்ல காம்பராக்கள் வரிசையா இருக்குல்ல, அது மாதிரி நிறம் செய்யிற மரபணுக்கள் பக்கத்துல பக்கத்துல இருக்கும். எல்லாத்துக்கும் மெயின் சுவிட்சு ஒண்ணு. அது இன்னொரு மரபணு. இருட்டுல சுவிட்சு விழுது, வரிசை முழுக்க வேல செய்யுது. வெளிச்சத்துல நின்னுருது."

"அப்ப பல்பு ஒண்ணு போட்டா சரியாயிருமா?" என்றார் நிரோஷன்.

"சிவப்பு போயிரும். பூஞ்சணம் போகாது, வெள்ளையா வளரும். ஷீட்டு நல்லா காயலைன்னா அது வரத்தான் செய்யும்."

"நாங்க சொன்னோமே!" பிரேமலதா ஓரடி முன்னால் வந்தாள். "புகைக்கூடத்துல இன்னும் ரெண்டு நாளு காயட்டும்னு சொன்னோம். நீங்கதான் அவசரம்னு எறக்கச் சொன்னீங்க."

துரை நிரோஷனைப் பார்த்தார். நிரோஷன் தட்டை மேசையில் வைத்தார்.

"ஆமா, சேர்," என்றார். "சொன்னாங்க. நான்தான் கேக்கல."

பிரேமலதாவை அன்றே வேலைக்கு வரச் சொன்னார் துரை, விடுபட்ட நாட்களையும் வேலை நாட்களாகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சிவப்பாக இருக்கிறதே, இனிப்புப் பண்டங்களுக்குச் சாயமாக விற்கலாமா என்று கேட்டார்.

"இப்ப முடியாது சேர். சில பூஞ்சைகள்ல அதே சுவிட்சு நஞ்சையும் சேர்த்துச் செய்ய வைக்கும். இது என்னென்ன செய்யுதுன்னு முழுசாப் பாக்காம வாயில வைக்கச் சொல்ல மாட்டேன்."

எல்லாம் முடிந்தது என்று எழுந்தார்கள். பிரேமலதா மட்டும் நகரவில்லை.

"எச்சில்னு பெக்டரியே கேக்கச் சொன்னீங்க," என்றாள் நிரோஷனிடம். "இல்லைங்கிறதையும் அப்படியே சொல்லிருங்க. நாளைக்குப் பெரட்டுல."

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்குமுன் வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் நிரோஷன் தவறு தன்னுடையது என்று தமிழில் சொன்னார். சிங்களப் பெண்களும் நின்றதால் சிங்களத்திலும் சொன்னார். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. பிரேமலதா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "சரிங்க," என்றாள், புகைக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். அன்று இறக்க வேண்டியிருந்த ஷீட்டுகளை விரலால் அழுத்திப் பார்த்து, இன்னும் காயாத பாதியை மறுபடி உள்ளேயே தொங்கவிட்டாள். அவளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சுதர்ஷினி பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்தாள். அந்தச் சுவிட்சு மரபணுவை அடியோடு எடுத்துவிட்டால் இருட்டிலும் பூஞ்சை வெள்ளையாகவே வளர வேண்டும். அப்போதுதான் சிவனேஸ்வரி ஒப்புக்கொள்வார். அதைச் செய்து காட்ட ஆறு மாதமாவது ஆகும். அவள் குறிப்புக் கொப்பியைத் திறந்து அந்தச் சோதனைக்கான முதல் வரியை எழுதத் தொடங்கினாள்.