நிழலுக்கு மூன்று நாள்

டைல்ஸ் ஒட்டிய பிறகு அந்த மாடிப்படியின் கடைசிப் படி மட்டும் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும், ஏறுகிறவர்கள் எல்லோரும் அங்கே கால் இடறுவார்கள் என்பது திரையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வயதிலிருந்து பதினோரு வருடமாகக் கட்டட வரைபட அலுவலகத்தில் கோடு போடுகிறவள். எல்லாப் படிகளின் உயரத்தையும் இம்மி இம்மியாகக் கூட்டிக் கடைசிப் படியை மற்றவற்றோடு சமமாக்கினாள். தாளின் வலது மூலையில் இரண்டு கட்டங்கள். ‘வரைந்தவர்’ கட்டத்தில் அவளுடைய முதலெழுத்து. ‘வடிவமைத்தவர்’ கட்டத்தில் இளம் ஆர்க்கிடெக்ட்டான சின்ன சாருடையது. அதில் எழுதப் பட்டம் வேண்டும்.

சின்ன சார் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“மானத்தக் காப்பாத்திட்டீங்கக்கா. அஞ்சு வருஷம் காலேஜ் போனேன், படி போட உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்.”

“அப்ப அங்க என்னதான் கிழிச்சீங்க?”

“முதல் வருஷம் ஒரு மரத்தோட நிழல மட்டும் வரையச் சொன்னாங்க. மூணு நாள், வேற வேலையே கெடையாது. வெட்டித்தனம்க்கா.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த மூன்று நாள் அவளோடு பேருந்தில் ஏறியது. அடுப்படியில் வந்து நின்றது. மாலைநேரப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கினாள்.

நாளை கடைசித் தேதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டைமாடியில் அவள் கணவன் சாக்பீஸால் அறைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவள் வரைந்து கொடுத்த அறைதான். கீழே ஒரே அறையில் மூன்று பேர் படுக்கிறார்கள். மகளுக்கு வயது ஏறுகிறது. இருக்கிற சேமிப்பு அறைக்குக் காணும், அல்லது படிப்புக்குக் காணும்.

“ரூம் கட்டினா கால நீட்டிப் படுக்கலாம். சர்டிபிகேட்ட விரிச்சுப் படுக்க முடியுமா?” என்றான்.

“முடியாதுதான்.”

“சம்பளமாச்சும் ஏறுமா?”

பட்டம் இருந்தும் வாரத்துக்கொரு முறை வேறு வேலைக்கு மனுப் போடும் சின்ன சாரை நினைத்துக்கொண்டாள். “பெருசா ஏறாது.”

“அப்புறம் என்னதான் வேணும் உனக்கு?”

கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அந்த ‘வடிவமைத்தவர்’ கட்டத்தைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் கண்ணில் நின்றது வேறு: ஒரு பெரிய முற்றம், ஒரு மரம், மடியில் தாளோடு தரையில் உட்கார்ந்திருப்பவர்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் அவளிடம் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முடிஞ்சிடுச்சா?

“ஒரு மரத்தோட நிழல வரையணும்.”

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தான். அதை அவள் கையில் வைத்தான்.

“டீ போடறேன், வா” என்று இறங்கிப் போனான்.

அளவு டேப்புக்கு அடியில் விண்ணப்பம் படபடத்தது. தெருவோர மரத்தின் கிளையொன்று இன்னும் வராத அறையின் சுவர்க்கோட்டின் மேல் நிழலாய்க் கிடந்தது. குத்துக்காலிட்டு, அடிப்பகுதியிலிருந்து அந்த நிழலின் விளிம்பை வரையத் தொடங்கினாள். நுனி இலைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அடிப்பகுதி நிழல் வரைந்த கோட்டை விட்டு நான்கு விரல் தள்ளிப் போயிருந்தது.

“டீ ஆறுது!” கீழேயிருந்து குரல் வந்தது. “முடிஞ்சிடுச்சா?”

அவள் முழங்காலால் நகர்ந்து, நிழல் இப்போது கிடந்த இடத்திலிருந்து இன்னொரு கோடு இழுத்தாள்.