அலறாத மூன்றாம் தொட்டி

மூன்றாம் தொட்டியின் அபாய மணி நேரங்காலம் தெரியாமல் அலறிக்கொண்டிருந்தது. கருத்தரிப்பு மருத்துவமனையின் பின்னறையில் திரவ நைட்ரஜன் நிரப்பிய தொட்டிகளில் உறைந்த கருக்கள் இருந்தன. குளிர் குறைந்தால் சொல்ல, சர்வரில் ஒரு மென்பொருள் ஓடியது. மணி அடிக்கும்போதெல்லாம் நர்ஸ் ஓடிவந்து மூடியைத் திறப்பாள். வெண்புகை எழும்.

"நல்லாத்தானே இருக்கு? சும்மா கத்துது, என் மாமியார் மாதிரி" என்று மணியை அமுக்குவாள்.

மென்பொருளைத்தான் எல்லோரும் சந்தேகித்தார்கள். அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார் மேனேஜர். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தத் தொட்டி வேற்றாள் வீட்டுப் பண்டமல்ல. அவளுடைய அண்ணியின் கடைசிக் கரு அதில்தான் இருந்தது. வரும் வாரம் கருப்பையில் வைப்பதாக ஏற்பாடு.

அதனால் அவள் நிதானமாகவே செய்தாள். எந்தத் தொட்டிக்கு எந்தச் சென்சார் என்ற பழைய செட்டிங்கைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். சர்வீஸை நிறுத்தி, அன்இன்ஸ்டால் செய்து, ஒட்டிக்கிடந்த கோப்புகளைத் தேடி அழித்து, சர்வரை அணைத்துப் போட்டுப் புதிதாக நிறுவினாள். பென் டிரைவைச் செருகப் போனபோது மேனேஜர் தடுத்தார்.

"அதை எதுக்கும்மா ஏத்துறீங்க? பேயை விரட்டிட்டு அதுக்கிட்டயே வீட்டுச் சாவியைக் குடுப்பாங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திரை முழுக்கப் பச்சை வட்டங்கள். மணி வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் சிரித்தாள். "கம்ப்யூட்டரம்மா, என்ன மந்திரம் போட்டீங்க? மூச்சே விடலையே!"

அந்தச் சொல் அவளை உறுத்தியது. திரையைப் பார்த்தாள். மூன்றாம் தொட்டியின் குளிரைக் காட்டும் எண், நிறுவிய அன்று பார்த்த அதே எண்.

"அக்கா, மூணாவது மூடியைத் தூக்குங்க."

"தூங்குறதை எதுக்குத் தட்டி எழுப்புறீங்க?"

"தூக்குங்கக்கா."

மூடி திறந்தது. நூலிழைபோல் கொஞ்சம் புகை வந்தது. எண் அசையவில்லை. அவள் குனிந்து, தொட்டியின் சென்சார் வயரைப் பிடுங்கினாள். அப்போதும் பச்சை. திரையின் மூலையில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது: 'மாதிரி அளவுகள். சென்சார்கள் இணைக்கப்படவில்லை.'

வயரைத் திரும்பச் செருகினாள். பையிலிருந்த பென் டிரைவை எடுத்துப் பழைய செட்டிங்கை ஏற்றினாள். ஏறி முடித்ததுமே மூன்றாம் வட்டம் சிவந்தது. மணி அலறியது.

"இது அப்பவும் இப்படித்தானே கத்துச்சு?" என்றாள் நர்ஸ். குரலில் பழைய கேலி இல்லை.

மென்பொருள் வருவதற்குமுன் புழங்கிய கறுப்பு அளவுகோல் அலமாரிமேல் கிடந்தது. அதைத் துடைத்துத் தொட்டியின் அடிவரை இறக்கினார்கள். திரவம் தொட்ட உயரத்துக்கு அதன்மேல் பனி பூக்க வேண்டும். வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டிவிட்டு இருவரும் காத்திருந்தார்கள்.

கோல் கறுப்பாகவே இருந்தது.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. அண்ணி. பழக்கத்தில் நர்ஸின் கை மணியை அமுக்க நீண்டது.

"வேணாம்க்கா" என்றாள் அவள். "கத்தட்டும்."