அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

மார்ச் 10, செவ்வாய்

இன்றைய தவறு: வேறொருவருக்கு வந்த மெயிலை முழுவதும் படித்துவிட்டேன்.

செய்த தவறை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது மாலை கம்ப்யூட்டர் வகுப்பு சார் நாட்குறிப்புக்குப் போட்ட விதி. எனக்கு முதல் வரி காலியாக இருந்த நாளே இல்லை.

எங்கள் கம்பெனியில் தண்ணீர் பம்புகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்கிறார்கள். முன்னால் முதலாளி அறை, பின்னால் அச்சு இயந்திரங்கள், நடுவில் மாடிப்படிக்குக் கீழே மெயில் சர்வரும் நானும். சர்வர் என்றால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். சூடு போக அதன் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்திருக்கிறோம். அதற்குள்ளும் ரப்பர் தூள் படிந்திருக்கும். எப்போதோ ஒரு வாடிக்கையாளர் பெயரைத் தப்பாக அடித்ததால் பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவிப் போனதாம். அன்றிலிருந்து முதலாளி உத்தரவுப்படி எங்கள் சர்வர் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. முகவரியில் கம்பெனிப் பெயர் சரியாக இருந்தால் போதும், அதற்கு முன்னால் யார் பெயர் இருந்தாலும் வாங்கிப் பொதுப் பெட்டியில் போட்டுவிடும். அனுப்பியவருக்கு அது உரியவரிடம் போய்ச் சேர்ந்தது போலவே இருக்கும். தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் திறந்து, குப்பையைத் தள்ளி, ஆர்டர்களைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. தலைப்பும் முதல் இரண்டு வரிகளும் மட்டும் பார்ப்பது என்று நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன்.

"என்ன தபால்காரம்மா, இன்னிக்கு யாரு வீட்டுச் சண்டை?" என்பார் முதலாளி, உள்ளே வரும்போதே.

இன்றைய மெயிலில் தலைப்பு இல்லை. எங்கும் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கடைசிவரை போய்விட்டேன்.

"தம்பி இடது கையில ஊசி ஏத்தியிருக்காங்க அசைக்கக் கூடாது ஒரு கையால அடிக்கறேன் தப்பு இருந்தா பாத்துக்கோ டெஸ்டுக்கு வர்றதைப் பத்தி யோசிச்சு சொல்றேன்னு சொன்ன நான் அவசரப்படுத்தல சித்தி பொண்ணோட கிட்னி எனக்குப் பொருந்துதாம் தரேன்னு மறுபடியும் சொல்றா மாசக் கடைசில வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பறா போனா ரெண்டு வருஷம் வர முடியாது என் தம்பி இருக்கான் அவன்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன் உனக்கு முந்தி அவகிட்ட வாங்கிக்கிட்டா நீ மனசு கஷ்டப்படுவ ஒரு வார்த்தை போடு உன் குழந்தை முட்டி போட்டுத் தவழுதா"

மார்ச் 11, புதன்

இன்றைய தவறு: பழையவற்றையும் தேடிப் படித்தேன்.

ஜனவரியிலிருந்து, டயாலிசிஸ் நடக்கும் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அந்த அக்கா எழுதியிருக்கிறார். தலைப்பில்லாத மெயில் குப்பையாகத்தான் இருக்கும் என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். எழுத வரவில்லை.

முகவரியில் இருந்த தம்பியின் பெயரை எங்கள் ஆர்டர் மெயில்களில் தேடினேன். கிடைத்தது. எங்களிடம் வளையம் வாங்கும் பம்புக் கடை ஒன்றில் கொள்முதல் பார்க்கிறவர். அந்த அக்கா அவருடைய கம்பெனிப் பெயருக்குப் பதில் எங்கள் பெயரைப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சேர்த்து அவருக்கு அனுப்பி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். ஏதோ சாதித்துவிட்டதுபோல டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் போன் அடித்தது.

"அந்த மெயிலெல்லாம் அனுப்பினது நீங்களா?"

"ஆமா சார். உங்க அக்கா அட்ரஸைத் தப்பா வச்சிருக்காங்க. சரியானதைக் கொடுத்துடுங்க."

பின்னால் பம்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் நடந்துபோய் ஏதோ கதவைச் சாத்தினார். சத்தம் குறைந்தது.

"தப்பா வச்சிருக்கல. நான் கொடுத்ததுதான் அது."

எனக்குப் புரியவில்லை.

"போன வருஷம் பேரைத் தப்பா அடிச்சு உங்களுக்கு ஒரு ஆர்டர் அனுப்பிட்டேன். திரும்பியே வரல, சரக்கு வந்துடுச்சு. உங்க முதலாளிகிட்ட கேட்டா, 'எங்க பெட்டி யாரையும் வேண்டாம்னு சொல்லாது தம்பி'ன்னு பெருமையா சொன்னார். அப்புறம் நானே என் போன் நம்பரை மாத்திட்டு, என் பேரோட உங்க கம்பெனிப் பேரைச் சேத்துக் கொடுத்து, இதுல எழுதுன்னு அவகிட்ட சொன்னேன்."

"ஏன் சார்?"

"கத்தின்னா பயம்ங்க. வேற பெரிசா ஒண்ணுமில்ல. என்னை இடுப்புல தூக்கி வளத்தவ அவ. முடியாதுன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

"மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமே சார். அவங்க சித்தி பொண்ணு..."

"எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"படிச்சா படிச்சிட்டுப் போங்க. அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கட்டும். தம்பி யோசிக்கறான்னு நினைச்சுக்குவா."

கோழை. இந்தச் சொல்லை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது.

மார்ச் 12, வியாழன்

இன்றைய தவறு: சர்வர் நிரம்பியதைக் கவனிக்கவில்லை.

பொதுப் பெட்டியில் குப்பை சேர்ந்து இடமில்லாமல் போய், காலையிலிருந்து வந்த ஆர்டர்கள் எல்லாம் வெளியிலேயே நின்றுவிட்டன. முதலாளி மாடிப்படிக்குக் கீழே தலையைக் குனிந்து நின்று கத்தினார்.

"ஊரு குப்பையெல்லாம் சேத்து வச்சு என் கடையை இழுத்து மூடப் போறியா?"

"எதையும் திருப்பக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்வேன். அதுக்குன்னு கேக்கறதா? நம்ம ஆளுங்க பேரைத் தவிர எவன் பேருக்கு வந்தாலும் திருப்பி அனுப்பு. நாளைக்கு நான் வர்றப்போ அந்தப் பெட்டி இருக்கக் கூடாது."

நிமிர்ந்தபோது படியில் தலையை இடித்துக்கொண்டார். அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

மதியம் அந்தத் தம்பிக்கு போன் செய்து சொன்னேன்.

"என் ஒரு பேரை மட்டும் விட்டுவைக்க முடியாதா?"

முடியாது என்று பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "முடியும் சார்" என்றேன். சர்வரில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

"அப்ப விட்டுடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இன்னிக்கே நீங்க ஒரு வரி எழுதிடுங்களேன். சித்தி பொண்ணுகிட்ட வாங்கிக்கோன்னு. அவ்வளவுதான்."

"பாக்கறேன்."

அக்காவிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றதும் இதே குரலில்தான் இருந்திருக்கும்.

மெயில் திரும்பும்போது அதோடு போகிற வாக்கியத்தை நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று போன வாரம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று வகுப்பு முடிந்தும் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். "உங்கள் தம்பி இங்கே வேலை பார்க்கவில்லை." கோடு போட்டு அடித்தேன். "சித்தி பெண்ணிடம் சரி என்று சொல்லுங்கள்." அதையும் அடித்தேன். சர்வர் எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லும். லாட்டரி ஆசை காட்டுகிறவனுக்கும் அந்த அக்காவுக்கும் ஒன்றுதான். கடைசியில் நின்றது இது: அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.

நானே அந்த அக்காவுக்கு எழுதலாம். அவருடைய முகவரி என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கைபேசியை எடுத்து "அக்கா" என்று அடித்தேன். அதற்கு மேல் என்ன அடிப்பது? உங்கள் தம்பிக்கு மனமில்லை என்றா? அதைச் சொல்ல நான் யார் என்று கேட்டுக்கொண்டேன். அது நல்ல கேள்வியா, சாக்கா என்று தெரியவில்லை. நேற்றுக் கிழிந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தம்பி சொல்லாமல் இருப்பதற்கு எங்கள் சர்வரைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்வதற்கு அதையே பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன். "அக்கா" என்பதை அழித்தேன். இதுவும் நாளைக்கு முதல் வரியில் வர வேண்டியதுதான்.

நாளை வெள்ளி. அந்த அக்காவுக்கு டயாலிசிஸ் நாள், எழுதுவார். முதலாளி வருவதற்குள் பொதுப் பெட்டியை மூட வேண்டும், ஒரு பெயரையும் விட்டுவைக்காமல். மூடியதும் என் கைபேசியிலிருந்து அந்தத் தம்பியின் பெயருக்கு ஒரு மெயில் அனுப்பி, திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பி வந்ததை, அந்த அக்காவைப் போல இடது கையை மேசைமேல் அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் திறந்து ஒருமுறை படிக்க வேண்டும்.