பை கட்டிய காய்

தங்கை வருகிறாள் என்று போன் வந்த அன்று கோணமூக்கின் காய் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. காம்பை ஒட்டிய தோள்பட்டையில் மட்டும் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு நல்ல விஷயம் நடந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் இரண்டையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

கோணமூக்கு என்பது ஒரு மிளகாய். பெயர் நான் வைத்தது. நுனி ஒரு பக்கமாக வளைந்து, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காத மாதிரி திரும்பியிருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஆள் நடமாடுகிற அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்து, அதில் பழைய ரக மிளகாய்களை வளர்க்கிறேன். கடையில் பாக்கெட்டில் விற்கிற ஒட்டு ரகம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் யார் யாரோ விதையெடுத்து வைத்துக் கைமாறி வந்தவை. இந்தக் குளிரில் மிளகாய் வளர்ப்பது கிறுக்குத்தனம் என்று பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் என் காது படவே சொல்வார். வருஷத்தில் பாதி நாள் ஹீட்டர் ஓட வேண்டும். வெயில் வந்தாலும் வாசலோடு தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். கிறுக்குத்தான், யார் இல்லையென்றது.

மிளகாய்ப் பூவுக்கு ரோஷம் மானம் எதுவும் கிடையாது. பக்கத்துச் செடியின் மகரந்தம் கொஞ்சம் பட்டால் போதும், அடுத்த தலைமுறை யார் வீட்டுப் பிள்ளை என்றே சொல்ல முடியாது. அதனால் விதைக்கென்று குறித்த பூவுக்கு, மொட்டாக இருக்கும்போதே வலைத்துணியில் பை தைத்துக் கட்டிவிடுவேன். எனக்குத் தொழிலே தையல். ஒரு துணிக்கடையில் கோட்டையும் கால்சட்டையையும் வெட்டிக் குறுக்கிக் கொடுக்கிற வேலை. பழைய ஜன்னல் திரையைக் கிழித்தால் எத்தனையோ பை தைக்கலாம். பூ விரிந்த பிறகு பையின் மேலேயே விரலால் ஒரு சுண்டு. உள்ளே மகரந்தம் கொட்டிக் காய் பிடித்துக்கொள்ளும். மற்ற ரகங்களுக்குக் காய் பிடித்ததும் பையை அவிழ்த்துவிட்டு அடையாளத்துக்கு நூல் கட்டுவேன். கோணமூக்கு பழுத்தால் தானாக உதிர்கிற சாதி. மண்ணில் விழுந்து அழுகிவிடும் என்று அதற்கு மட்டும் பையை விட்டுவைப்பேன்.

இந்த வருஷம் கோணமூக்கு ஒரே ஒரு செடி. இருந்த விதையெல்லாம் பழசாகி, கடைசியாகப் போட்டதில் முளைத்தது அது மட்டும்தான். அதிலும் வேர் அழுகல் வந்து தண்டின் அடி கறுத்துவிட்டது. நல்ல செடியாக இருந்தால் தொட்டியோடு வீட்டுக்குள் தூக்கி வைத்து அடுத்த வருஷமும் காய் பார்க்கலாம். இது குளிர்காலத்தைத் தாண்டாது என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரே காய் பிடித்திருந்தது. அது முழுசாகச் சிவந்தால்தான் உள்ளே விதை முற்றும். பச்சையில் பறித்தால் அந்த விதை சோற்றுக்கும் ஆகாது, நாற்றுக்கும் ஆகாது. இன்னும் இரண்டு வாரம் செடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்று நான் தினமும் அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

முன்பு நாலைந்து பேருக்கு இந்த விதையைக் கொடுத்திருக்கிறேன். அத்தனை பேரும் குடமிளகாய்க்குப் பக்கத்தில் நட்டுக் கலப்படம் பண்ணிவிட்டார்கள். ஆகவே சுத்தமான கோணமூக்கு என்று இருந்தால் என் கூண்டில்தான் இருந்தது. அதுவும் அந்தப் பைக்குள்.

தங்கை என் வீட்டுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடைசியாகப் புருஷனோடு வந்தபோது கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் வந்துவிட்டாள். குளிர் உள்ளே புகுந்து அந்த வருஷத்துப் பூ அத்தனையும் கொட்டிப்போனது. நான் அவளைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். அறிவு இருக்கிறதா என்றேன், ஒரு கதவைச் சாத்தத் தெரியாதவள் என்ன குடும்பம் நடத்துகிறாய் என்றேன், எல்லாம் மாப்பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு. அவர் பெட்டியை எடுத்தார். அதன் பிறகு அவர் என் வாசலை மிதிக்கவில்லை. அவள் மட்டும் எப்போதாவது போன் செய்வாள். உடம்பு எப்படி, மழை உண்டா, சரி வைக்கட்டுமா. அவ்வளவுதான்.

என் வாய்க்குப் பயந்து வேறு யாரும் வருவதில்லை. கடையை விட்டு வந்தால் மறுநாள் கடைக்குப் போகும்வரை என் குரலை நானே கேட்பது கூண்டுக்குள்தான். சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாற்காலி இருக்கிறது. ஒன்றில் துணி மூட்டை உட்கார்ந்திருக்கும்.

இந்தத் தடவை அவள் கேட்ட விதம்தான் என்னை என்னவோ செய்தது. "அக்கா, அவரு வேலையா வெளியூர் போயிருக்காரு. நான் நாத்தனார் வீட்டுக்குப் போறேன், உங்க ஊர்லதான் பஸ் மாறணும். ஒரு ராத்திரி தங்கிக்கட்டுமா? உனக்குச் சிரமம்னா பரவால்ல."

கூடப் பிறந்தவள் என்னிடம் அனுமதி கேட்கிறாள். சத்திரத்தில் கேட்கிற மாதிரி கேட்கிறாள். "வாடி, என்ன சிரமம்," என்று சொல்லிவிட்டு, அன்றே ஒரு முடிவு எடுத்தேன். அவள் இருக்கிற வரை சட்டம் பேசக் கூடாது. இதைத் தொடாதே, அதைத் திறக்காதே என்று ஒரு வார்த்தை கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். துணி மூட்டையை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்தேன்.

வந்தாள். இளைத்திருந்தாள். தலையில் நரை வந்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை. காபி குடித்துவிட்டுத் தானாகவே கூண்டுப் பக்கம் போனாள். போனவள் கதவுக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வரலாமா, இன்ஸ்பெக்டர் அம்மா?"

சின்ன வயதிலிருந்தே அவள் எனக்கு வைத்த பட்டம் அது. நான் சிரித்தேன். "வா வா, பூதம் ஒண்ணும் இல்ல," என்றேன்.

அவள் உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். குண்டு மிளகாய், ஊதா மிளகாய், கடித்தவனைக் கதற வைக்கிற ஊசி மிளகாய் எல்லாவற்றையும் காட்டினேன். ஒவ்வொன்றிலும் காய் காய்த்துக் கிடந்தது. அவள் எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் கோணமூக்கின் முன்னால் குனிந்தாள்.

"இதுக்கு மட்டும் ஏன்க்கா பை? ஓரமெல்லாம் மடிச்சு எவ்வளவு அழகா தச்சிருக்க."

சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். விளக்கம் என்று ஆரம்பித்தால் அது எச்சரிக்கையில்தான் போய் நிற்கும், எச்சரிக்கை பழைய கதவில் போய் நிற்கும். வாயை மூடிக்கொண்டேன்.

"அப்புறம் சொல்றேன்," என்றேன்.

அன்று மாலை நாங்கள் பேசியதைவிடச் சிரித்தது அதிகம். அவள் நாத்தனார் குறட்டை விடுவதை நடித்துக் காட்டினாள். படுக்கும்போது, "நீ இப்படி இருப்பேன்னு நான் நெனைக்கவே இல்லக்கா," என்றாள். எப்படி என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு மாப்பிள்ளைப் பையனின் கோட்டு தோளில் பிடிக்கிறதாம், மதியத்துக்குள் வேண்டுமாம். அவளுக்கு மாலையில்தான் பஸ். "நீ போயிட்டு வா, நான் சமைச்சு வைக்கிறேன்," என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போதுகூட, கூண்டுப் பக்கம் போகாதே என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. என் பொறுமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கடையில் ஊசி கோக்கும்போதெல்லாம், பரவாயில்லையே நீ, என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே வாசனை. உருளைக்கிழங்கையும் முட்டையையும் சேர்த்து வதக்கியிருந்தாள். மேஜையைத் துடைத்து இரண்டு தட்டு வைத்திருந்தாள். என் தட்டுக்குப் பக்கத்தில் வலைத்துணிப் பை, அலசி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பையை விரித்துப் பார்த்தேன்.

"கதவ ஒழுங்கா சாத்திட்டேன்க்கா," என்றாள் அவள் அவசரமாக. "ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன். போய் வேணும்னாலும் பாரு."

நான் அடுப்படிக்குப் போனேன். பலகை கழுவிக் கவிழ்த்திருந்தது. கத்தியும் கழுவியாகிவிட்டது. குப்பைக் கூடையில் உருளைத் தோல், முட்டை ஓடு, ஒரு பச்சைக் காம்பு. விதை ஒன்றுகூட இல்லை. வாணலியைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக விதைகள், எண்ணெயில் வெந்து மிதந்துகொண்டிருந்தன. எத்தனையோ பேர் கை மாறி வந்த மிளகாய், என் சமையலறையில், முட்டைக்குள் முடிந்துபோயிருந்தது.

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. என்ன வார்த்தைகள் வந்தன என்று எனக்குத் தெரியும். போன தடவையைவிட மோசமானவை. கூண்டு முழுக்கக் காய் தொங்குகிறது, கண் அவிந்தா போயிற்று என்பதுதான் அதில் மரியாதையானது. கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்தே புரிஞ்சுபோச்சுக்கா எனக்கு," என்றாள். "மத்த செடியெல்லாம் சும்மா நிக்குது, இது ஒண்ணுக்கு மட்டும் துணியில பை தச்சு மூடி வச்சிருக்க. கேட்டா அப்புறம் சொல்றேங்கிற. நான் வரேன்னு எனக்காகத்தான எடுத்து வச்ச? ராத்திரி ரொம்ப நேரம் தூக்கமே வரல. நாமதான் அக்காவத் தப்பா நெனச்சுட்டு இருந்திருக்கோம்னு. கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் எனக்குன்னு யாருக்கா எதையாச்சும் எடுத்து வச்சிருக்காங்க? அதான் நீ வர்றதுக்குள்ள நானே பறிச்சு சமைச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்னு." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "தப்பா எடுத்துட்டேனாக்கா?"

இந்தப் பெண்ணுக்காக நான் எதையுமே எடுத்து வைத்ததில்லை. அந்த நிமிஷம் எனக்கு அதுதான் சுட்டது. மிளகாயும் சுட்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கரண்டியை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உனக்காகத்தான்," என்றேன். "வேற யாருக்கு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பரிமாறினாள். சாப்பிட்டேன். முற்றாத காய், காரமே இல்லை. பச்சை வாடை மட்டும் இருந்தது. ஒரு விதை பல்லில் மாட்டியது. அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். வெந்து உப்பியிருந்தது. அவள் பார்க்கிறாள் என்று மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டேன்.

"காரம் பத்தலையோ?"

"சரியா இருக்கு. இன்னும் கொஞ்சம் போடு."

மாலையில் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து நேரே கூண்டுக்குப் போனேன். கதவு உண்மையிலேயே நன்றாகச் சாத்தியிருந்தது. கோணமூக்கின் காம்பு ஒடித்த இடம் ஏற்கெனவே காய்ந்திருந்தது. செடியைப் பிடித்து இழுத்தேன், ஒரு முரண்டும் இல்லாமல் வேரோடு வந்துவிட்டது. வேர் முழுக்கக் கறுப்பு. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பக்கத்து வீட்டு டிரைவருக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பஸ்ஸிலிருந்து அவள்தான். இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

"அக்கா, அவர்கிட்ட சொன்னேன். அந்தக் காய்க்குப் பை தச்சு எனக்காக வச்சிருந்தத சொன்னேன். அதத் திரும்பச் சொல்லச் சொன்னாரு. அப்புறம், அடுத்த தடவ நானும் வரேன்னாரு. அவர் வாயாலயே சொன்னாருக்கா. கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப அடுத்த வருஷம் அதே மிளகாய் ரெண்டு கட்டி வைப்பியா? அவருக்கும் ஒண்ணு."

பிடுங்கிப் போட்ட செடி கூண்டின் தரையில் கிடப்பது சமையலறை ஜன்னல் வழியே தெரிந்தது.

"கட்டி வைக்கிறேன்," என்றேன். "ரெண்டு பேருமா வாங்க."