பொட்டில்லாத படம்

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சித்தம்மாவின் இடம் காலியாக இருந்தது. 'ஹொஸ பாகிலு', அதாவது 'புது வாசல்' கம்பெனியில் ஓர் இடம் காலியாக இருப்பது சாதாரண விஷயமில்லை. ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்துத் தொழில் தொடங்கவைக்கும் கம்பெனி அது. ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டவேண்டும். மொத்தத் தவணையும் வந்து சேரும்வரை ஒருத்தியும் பாயைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. அடகு வைக்க நகை இல்லாதவர்களிடம் மானத்தை அடகு வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. ஹாலந்திலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் இதை நம்பிக்கை என்பார்கள். இந்தப் பகுதிக்கு வசூலுக்கு வரும் ரூபாவும் அப்படித்தான் சொல்வாள்.

கூட்டம் நடப்பது கேசரேயில், குழுத் தலைவி கௌரம்மாவின் வீட்டு முன்னறையில். மைசூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே கரித்தூள் வாசனை வரும். வீட்டுக்கு வீடு ஊதுவத்தி உருட்டுகிறார்கள். ஏஜெண்டிடம் மாவும் குச்சியும் வாங்கிக் கூலிக்கு உருட்டிக்கொண்டிருந்தவர்கள், கம்பெனிக் கடனில் தாங்களே சரக்கு வாங்கித் தாங்களே விற்க ஆரம்பித்திருந்தார்கள். அதில் சித்தம்மா கெட்டிக்காரி. ஒரே வருஷத்தில் வீட்டுக்குப் பின்னால் காயப்போடத் தகரக் கூரையே போட்டுவிட்டாள்.

"சித்தம்மாக்கா எங்கே?" என்று ரூபா கேட்டாள்.

கௌரம்மா கன்னடத்தில் சொன்னாள். நேற்று சாயங்காலம் சித்தம்மாவின் புருஷன் சென்னப்பன் விஜயநகரில் கட்டடத்தின் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டான். சென்ட்ரிங் பலகை சறுக்கிவிட்டது. தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான்.

"அப்போ தவணை?" என்றாள் ரூபா.

கேள்வி வாயைவிட்டு விழுந்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. நான்கு பெண்களும் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. அவர்களில் பசம்மா முதலில் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். சித்தம்மாவின் தவணை நான்கு முடிச்சுகளிலிருந்து வந்து சேர்ந்தது. ரூபா குனிந்த தலை நிமிராமல் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவமானமாக இருந்தது. ஆனால் அதற்குள் அவள் மனசு வேறோர் இடத்துக்குப் போய்விட்டிருந்தது. அந்தப் போட்டோவுக்கு.

ஆனி மாதம் எடுத்த போட்டோ அது. வெளிநாட்டுக்காரர்களுக்கு வருஷா வருஷம் கம்பெனி ஒரு புத்தகம் அச்சிட்டு அனுப்பும். முந்தின வருஷம் அட்டையில் போட்டிருந்த பெண் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு எதற்குக் கடன் என்று ஹாலந்திலிருந்து ஒருவர் கேட்டு எழுதிவிட்டார். மேனேஜர் நஞ்சுண்டசாமிக்கு அது பெரிய குத்தல். இந்தத் தடவை பார்த்த மாத்திரத்தில் மனசு உருகவேண்டும் என்று ரூபாவிடம் சொல்லியிருந்தார். உருக்குவதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை ரூபாவே கண்டுபிடித்தாள். அந்தப் பெருமையை அவளிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

சித்தம்மாவுக்குக் களையான முகம். தமிழ் பேசுகிற மார்டள்ளிப் பக்கத்துக் காடு மேட்டில் வெயில் தின்று வளர்ந்த முகம். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல். கேமராக்காரன் கோணம் பார்த்துக்கொண்டிருந்தபோது ரூபா அவள் காதோரம் போய்ச் சொன்னாள்.

"அக்கா, அந்தப் பொட்டைக் கொஞ்சம் அழிச்சிடுங்க. வளையலும் கழட்டிடுங்க. தாலியை ரவிக்கைக்குள்ள விட்டுக்குங்க. ஒரு நிமிஷம்தான்."

சித்தம்மா மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள். "ஏனம்மிணி? எங்கூட்டுக்காரரு கல்லாட்டம் இருக்கறாரு. நான் எதுக்கு அழிக்கோணும்?"

தெருவில் மற்ற எல்லோருக்கும் ரூபா 'மேடம்'. சித்தம்மாவுக்கு மட்டும் அம்மிணி. ரூபாவும் தமிழ் பேசுகிறவள் என்பதால் சித்தம்மா எடுத்துக்கொண்ட உரிமை அது.

"முகம் கழுவறப்ப அழியறதில்லையா அக்கா? படம் எடுத்ததும் திரும்ப வெச்சுக்கப் போறீங்க. அவ்ளோதானே?"

"மூஞ்சி கழுவறது வேற, இது வேற."

"ரெண்டாவது லோன் கேட்டிருக்கீங்கல்ல? இந்தப் படம் நல்லா வந்தா அது சுலபமா பாஸ் ஆகும்."

அப்படியொரு விதி கம்பெனியில் இல்லை. ரூபா அந்த நிமிஷத்தில் உண்டாக்கியது. சித்தம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையை ஈரமாக்கி நெற்றியைத் துடைத்தாள். வளையல்கள் இறுக்கமாக இருந்தன. நேரமாகிறது என்று ரூபாவே பிடித்து இழுத்தாள். ஒன்று பட்டென்று உடைந்து தரையில் விழுந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ரூபாதான் முதலில் சிரித்தாள். படம் எடுத்து முடித்ததும் வளையல்காரனைத் தேடிப் பிடித்து ஒரு டஜன் புது வளையல் வாங்கிக் கொடுத்தாள். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தாள். படம் மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிதாகச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார். ரூபாவின் சம்பளமும் கொஞ்சம் கூடியது.

இப்போது கௌரம்மா வீட்டிலிருந்து வெளியே வந்து நடக்கும்போது அந்தப் பட்டென்ற சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பி.காம். படித்தவள். ராத்திரி முகம் கழுவும்போது ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறவள். பொட்டில்லாமல் தூங்குகிறாள், புருஷன் பரத் பக்கத்தில் குறட்டை விடுகிறான், யாருக்கு என்ன ஆகிவிட்டது? பலகை சறுக்கியது மேஸ்திரியின் தப்பு. நியாயமெல்லாம் கச்சிதமாக வந்தது.

ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள் சித்தம்மா. நெற்றி முழுக்கக் குங்குமம். ஒரு தடவை வைத்ததல்ல, மேலே மேலே அப்பியது. மூக்கில் உதிர்ந்து, கன்னத்தில் வழிந்து, சேலையிலும் சிவந்திருந்தது. மடியில் குங்குமப் பொட்டலம் பிரித்தபடியே கிடந்தது.

"வா அம்மிணி," என்றாள். "இன்னும் கண்ணு முழிக்கலை. உசுரு இருக்குது. இன்னிக்கித் தாண்டோணும்னு டாக்டரு சொல்லீட்டாரு."

ரூபா பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தம்மா திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. நீ ஒரு பெண்ணா, நீயும் தாலி கட்டிக்கொண்டவள்தானே என்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டால் பதிலுக்கு அழவாவது செய்யலாம். அவள் கத்தவில்லை.

"நான்தான் அம்மிணி. என்ர ஆசைதான். லோனு வருதுன்னதும் கட்டுனவனை நெனைக்காமத் தொடைச்சுப் போட்டேன். நீ சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரியும்ல?"

"அப்படியெல்லாம் இல்லக்கா. நான்தானே உங்களை..."

"அந்தப் படம் எங்கிருக்குது?"

"ஆபீஸ்ல."

"அதைய எனக்குக் கொண்டாந்து குடு. அதுல நான் தாலி அறுத்தவளா நிக்கறேன். அது இருக்கறவரைக்கும் இவரு எந்திரிக்க மாட்டாரு. நான் எரிச்சுப் போடறேன். வேற ஒண்ணும் உன்னைக் கேக்கலை."

போட்டோ என்றால் ஒரே படம்தான் என்று சித்தம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது ரூபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கொண்டுவருகிறேன் என்று எழுந்துவிட்டாள். எதையாவது செய்ய முடிகிறதே என்ற நிம்மதியில் ஆட்டோவுக்குக் கைகாட்டி ஏறினாள்.

ஆபீசில் நஞ்சுண்டசாமி உற்சாகமாக இருந்தார். அச்சான புத்தகத்தில் ஒன்றை ரூபாவிடம் நீட்டினார். அட்டை முழுக்கச் சித்தம்மா. வெற்று நெற்றி, மொட்டைக் கை, கரி படிந்த விரல்கள். கண்ணில் ஒரு மிரட்சி. படம் எடுத்த அன்று அதைச் சோகம் என்று நினைத்து ரூபா சந்தோஷப்பட்டிருந்தாள். வளையல் உடைந்த பயம் அது என்று இப்போது தெரிந்தது.

"சார், இதை நிறுத்த முடியுமா?" என்றாள்.

எதற்கு நிறுத்தவேண்டும் என்று அவர் சிரித்தார். நாலாயிரம் பிரதிகளும் காலையிலேயே ஹாலந்துக்குப் போய்விட்டன. ஆபீசுக்கென்று வைத்துக்கொண்டது கையில் இருக்கும் இந்த ஒன்றுதான். இந்த அட்டையைப் பார்த்தால் இன்னும் ஆயிரம் பெண்களுக்குக் கடன் கிடைக்கும் என்றார். அவர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். ரூபாவுக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மோசமான ஆள் என்று அவரை நினைத்துக்கொண்டால் பாதிப் பழியையாவது அவர் தலையில் போடலாம். அவரோ மகளுக்குச் சொல்வதைப்போல, முகம் வாடியிருக்கிறதே, வீட்டுக்குப் போ என்றார்.

சட்டத்தின் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றினாள். கையிலிருந்த புத்தகத்தைத் தன் மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினாள். வரும் வழியில் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை. சித்தம்மா கடைக்காரனிடம் என்ன சொன்னாளோ, அவன் பாலை இறக்கிவைத்து அடுப்பை விட்டுத் தள்ளி நின்றான். அவள் படத்தை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. நாலாய்க் கிழித்து அடுப்புக்குள் போட்டாள். காகிதம் நீல நிறமாக எரிந்து சுருண்டது. முழுக்கச் சாம்பலாகும்வரை நின்று பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள். பல நாள் கழித்து முதுகுச் சுமையை இறக்கியவள் விடுகிற மூச்சு. அதைக் கேட்டதும் ரூபாவுக்கும் கண் கலங்கியது. நாலாயிரம் எங்கோ கடல் தாண்டிப் போனால் போகட்டும், இவளுக்குத் தெரியப்போவதில்லை, இவள் மனசு ஆறினால் போதும் என்று நினைத்தாள். நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட ஒரு நொடி தோன்றியது.

"இதோட சரிதானே அம்மிணி? வேற எங்கியும் இல்லையே?"

"இல்லக்கா. இதோட தீர்ந்துச்சு." தடங்கலே இல்லாமல் வந்தது.

சித்தம்மா தலையாட்டினாள். ஆஸ்பத்திரிப் பக்கம் இரண்டடி வைத்தாள். நின்று திரும்பி வந்தாள். சந்தேகப்பட்டு வந்தவளாகத் தெரியவில்லை. பூட்டிய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறவளாகத்தான் தெரிந்தாள்.

"என்ர மனசு நிக்க மாட்டீங்குது. கோவிச்சுக்காத. உன்ர தாலியத் தொட்டு ஒருக்காச் சொல்லீரு. வேற படம் இல்லீன்னு. அது போதும், நான் போயி அவருகிட்ட உக்காந்துக்கறேன்."

இதிலென்ன இருக்கிறது? தங்கச் சங்கிலி, அதில் கோர்த்த ஒரு துண்டுத் தங்கம். வாய் வார்த்தை. பி.காம். படித்தவளுக்கு அது ஒன்றுமே இல்லை. ரூபாவின் கை எழுந்தது. கழுத்துவரை போனது. விரல்கள் தாலியைத் தொட்டன.

பரத் நஞ்சன்கூட்டில் வேலை முடிந்து பஸ் ஏறியிருப்பான். படியில்தான் நிற்பான், எத்தனை சொன்னாலும் உள்ளே போகமாட்டான். அந்த ரோட்டில் லாரிகள் வருகிற வேகம் அவளுக்குத் தெரியும்.

"சொல்லு அம்மிணி."

வாயைத் திறந்தாள். மூடினாள். இன்னொரு தடவை திறந்தாள். இவள் புருஷன் என்றால் 'ஒரு நிமிஷம்தான் அக்கா' என்று சொல்லச் சுலபமாக வந்தது. என் புருஷன் என்றதும் வரவில்லையே என்று நினைத்தபோது ரூபாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அப்போதும் வார்த்தை வரவில்லை.

சித்தம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவள் முகத்திலிருந்து அந்த நிம்மதி இறங்கிப்போனது.

"எத்தனை?" என்றாள்.

"நாலாயிரம்."

"எங்கிருக்குது?"

"கப்பல் ஏறிடுச்சுக்கா. வெளிநாட்டுக்கு. ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கு."

டீக்கடைக்காரன் பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினான். சித்தம்மா கொஞ்ச நேரம் அந்த அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். ரூபாவின் கை இன்னும் தாலியிலேயே இருந்தது, எடுக்கவும் தெரியவில்லை. சித்தம்மா நெருங்கி வந்தாள். கரி ஏறிய விரல்களால் ரூபாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தாலியிலிருந்து கையை விலக்கிக் கீழே விட்டாள்.

"வேண்டாம் அம்மிணி, உடு. பொய்ச் சத்தியம் கித்தியம் பண்ணீராத. உன்ர ஊட்டுக்காரரு நல்லா இருக்கோணும்."

சொல்லிவிட்டு வார்டை நோக்கி நடந்தாள். போகும்போதே மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் மறுபடி குங்குமம் வைத்துக்கொண்டாள். ரூபாவால் பின்னால் போக முடியவில்லை.