பாதித் திரை

"நூல்கண்டு எங்க வச்ச?" என்று கேட்டார்.

"உங்க மூக்குக்கு நேரா இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தேடுங்க."

இருந்தது. அதைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, தையல்காரம்மாவிடம் இரவல் வாங்கிய திரைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே பூட்டிக் கிடந்த கடைக்குப் போனார்.

கடைத்தெருவில் அவருக்குச் செயலாளர் என்றுதான் பெயர். அவருக்கு ஒரு பெயின்ட் கடை உண்டு என்பதையே பலர் மறந்திருந்தார்கள். அதை அவர் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போட்ட பிறகு பேருந்துகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கடைகள் ஒவ்வொன்றாக மூடின. பல் விழுந்த வாயாகத் தெரு மாறிவிடக் கூடாது என்று கடைத்தெருச் சங்கம் ஒரு வேலை செய்தது. மூடிய கடைகளின் சாவியை உரிமையாளர்களிடம் கேட்டு வாங்கி, கண்ணாடி முகப்புகளுக்குள் ஒரு சின்ன உலகத்தை அமைத்தது. திறந்திருக்கும் கடைகளிலிருந்து எல்லாம் இரவல். இங்கே நாற்காலி, அங்கே கெட்டில், மூலையில் ஒரு குடை. வாடகைக்கு இடம் தேடி வருகிறவருக்கு இங்கே பிழைக்கலாம் என்று தோன்ற வேண்டும்.

"ஊரே கூடி சொப்பு வச்சு விளையாடுறீங்க," என்பாள் அவள்.

"விளையாட்டுதான். ஜெயிச்சா கடை திறக்கும்."

அன்று மதியம் திரையில் ஒரு பாதியைக் கட்டிவிட்டு, தானே போட்டு வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவள் பெயின்ட் கடை உள்ளறையில் ஒருவருக்குப் பச்சை கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் போனவர்கள் கண்ணாடிக்குள் அவரைப் பார்த்தார்கள். அங்கே எப்போதும் ஏதாவது வேடிக்கை இருக்கும் என்பது எல்லோருக்கும் பழக்கம். "இன்னைக்கு பொம்மை கிடைக்கல போல, செயலாளரே உக்காந்துட்டார்," என்று சிரித்துக்கொண்டு ஒருவர் கையாட்டிவிட்டுப் போனாராம். குண்டூசி கொண்டுவந்த தையல்காரம்மாதான் கண்ணாடியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். அப்புறம்தான் கத்தினாள்.

அவர் போன பிறகு தெருவின் மற்ற முகப்புகளெல்லாம் மாதத்துக்கு மாதம் மாறின. அந்த ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. சாவி அவளிடம் இருந்தது, யாரும் கேட்கவில்லை. பெயின்ட் கடை மேசையிலிருந்து நிமிர்ந்தால் நேரே அதுதான் தெரியும். மேசை, இரண்டு நாற்காலி, கெட்டில், இரண்டு கோப்பை, பாதித் திரை. வெயில்பட்டுத் திரையின் நீலம் வெளுத்துக்கொண்டு வந்தது. எந்த நீலம் எத்தனை நாளில் வெளுக்கும் என்பது தெரிந்த அவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. வாடிக்கையாளர் வராத நேரத்தில் அந்த அறையில் அவர் கை எது எதைத் தொட்டிருக்கும் என்று வரிசையாக நினைத்துப் பார்ப்பாள். வீட்டில் அவருடைய சட்டைகளைக் கொடுத்தாகிவிட்டது. இது ஒன்றுதான் அவர் வைத்தது வைத்தபடி இருந்தது.

ஒரு நாள் காலை பாத்திரக்கடைக்காரரும் தையல்காரம்மாவும் சேர்ந்து வந்தார்கள். செயலாளருக்குப் பிறகு சங்கத்தைப் பாத்திரக்கடைக்காரர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"அக்கா, பிரஷ் என்ன விலை?"

"போன வாரம்தானே வாங்கினீங்க."

"அதுல முடி கொட்டுது."

"அது பிரஷ்ஷா, உங்க தலையா?" என்றாள் தையல்காரம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "சுத்தி வளைக்காம சொல்லுங்களேன்," என்றாள்.

பாத்திரக்கடைக்காரர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். "எதிர்க்கடைக்கு ஆள் வந்திருக்குக்கா. சைக்கிள் ரிப்பேர் பண்ற பொண்ணு. நல்ல கை. புறவழிச்சாலையிலயும் ஒரு இடம் தர்றாங்களாம். நாளைக்குள்ள சொல்லணும்கிறா."

"வேற மூடின கடையே இல்லையா?"

"சைக்கிளை ஏத்தி இறக்க படி இல்லாத கடை அது ஒண்ணுதான்."

"அதுல கை வைக்காதீங்க."

"நாங்க வைக்கமாட்டோம்மா," என்றாள் தையல்காரம்மா. "அதான் உங்ககிட்ட வந்தோம். நீங்க வேணாம்னா அவளைப் போகச் சொல்லிடறோம். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டாங்க."

அவர்கள் போய்விட்டார்கள். பிரஷ் வாங்கவில்லை.

ஒரு முறை பாத்திரக்கடைக்காரர் ஒரு முகப்பில் குடங்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார். அந்தக் கடைக்கு ஆள் வந்தபோது, கண்காட்சி முடியட்டும், ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள் என்றார். செயலாளர் எல்லோர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "ஆள் வந்தா அன்னைக்கே காலி பண்ணணும்யா! உன் கோபுரத்தைப் பார்க்கவா அவன் வந்தான்?" அன்றிலிருந்து அது சங்கத்தின் சட்டம். இன்று அதைத் திருப்பிச் சொல்லப் பாத்திரக்கடைக்காரருக்கு முழு உரிமை இருந்தது. தலைமுடியைப் பற்றிக் கேலி வாங்கிக்கொண்டு, அதைச் சொல்லாமலே போனார்.

மதியம் அவள் சாவியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

உள்ளே புழுக்கமாக இருந்தது. கோப்பைகளில் தூசி படிந்திருந்தது. அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். வெளியே ஒருவர் போனார், பார்த்தார், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இங்கிருந்து பார்த்தால் தன் கடை மேசை தெரிகிறது. அங்கே யாரும் இல்லை.

எழுந்தாள். கெட்டிலையும் கோப்பைகளையும் பாத்திரக்கடையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் வேட்டி நுனியால் கெட்டிலைத் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். நாற்காலிகளும் மேசையும் தச்சரிடம் போயின. "நானே வந்து தூக்கியிருப்பேனே அண்ணி," என்றார் தச்சர். கடைசியாகத் திரையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வரவில்லை. செயலாளர் போடும் முடிச்சு எப்போதும் அப்படித்தான். கத்தரிக்கோல் கையில் இருந்தும், நகத்தாலேயே அவிழ்த்தாள்.

சைக்கிள் ரிப்பேர் செய்யும் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். முழங்கை வரை எண்ணெய்க் கறை. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

"இந்தத் திரை இருக்கட்டும்கா. எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல."

"உனக்கு வெளிச்சம் வேணும்மா," என்றாள் அவள். துணியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "வேலை செய்யறது தெருவுக்குத் தெரியணும்."

இப்போது நிமிர்ந்தால் எதிரே சைக்கிள்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. அந்தப் பெண் ஓயாமல் எதையாவது சுழற்றிக்கொண்டே இருக்கிறாள். சில நாள் அவளைப் பார்ப்பது ஆறுதலாக இருக்கிறது. சில நாள் பார்க்காமல் பெயின்ட் டப்பாக்களைத் துடைக்கிறாள். சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், இன்னும் போகவில்லை.

அந்தக் கடையின் கண்ணாடிக் கதவை உள்பக்கம் தள்ள வேண்டும். 'தள்ளவும்' என்று அந்தப் பெண் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுகிறார்கள்.