மழுங்காத கத்தி

"கத்தி மழுங்கிடுச்சு!"

லாவெர்ன் பிக்கெட் உரக்கக் கத்தினாள். பொய். அந்தக் கத்தியால் முகச்சவரமே செய்யலாம்.

மாற்று ஆள் வில்லா மே மறு நொடியில் பின்னால் வந்து நின்று அவள் இடத்தை வாங்கிக்கொண்டாள். "ஓடு, ஓடு. போய் நல்ல கத்தியா பாத்து எடுத்துட்டு வா."

லாவெர்ன் ஓடினாள். கத்தி அறைக்கு அல்ல. அதை ஒட்டியிருந்த பெண்கள் கழிவறைக்கு.

மிசிசிப்பியின் அந்தக் கோழி ஆலையில் லைன் நிற்காது. கூம்பில் செருகிய கோழிகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். தோளில் ஒரு வெட்டு, நெஞ்சில் ஒரு இழுப்பு, அடுத்த கோழி. பச்சைத் தொப்பி போட்ட சூப்பர்வைசர் தலையாட்டாமல் யாரும் இடத்தை விட்டு நகர முடியாது. ஒரே ஒரு விதிவிலக்கு, மழுங்கிய கத்தி. அதை மாற்றப் போக யாரிடமும் கேட்க வேண்டாம். லைனில் இருந்த பெண்கள் எத்தனையோ வருடங்களாக அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

ஆண்களுக்கு இது தெரியாது. சூப்பர்வைசர் ஹாய்ட், கத்தி விற்கும் கம்பெனிக்கே போன் போட்டுத் திட்டியவர். "பொம்பளைங்க கைபட்டாலே மழுங்குதுய்யா உங்க கத்தி! என்ன இரும்புய்யா அது?"

லாவெர்னின் கத்திதான் எல்லோருடையதையும்விட அதிகமாக மழுங்கியது. கர்ப்பப்பையில் கட்டிகள். ரத்தம் எப்போது ஆரம்பிக்கும், எப்போது நிற்கும் என்று அவளுக்கே தெரியாது. பிப்ரவரிக் கடைசியில் ஆபரேஷன் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். அதுவரை இந்த வேலை இருந்தாக வேண்டும். வேலை இருந்தால்தான் இன்ஷூரன்ஸ், இன்ஷூரன்ஸ் இருந்தால்தான் ஆபரேஷன். ஆனால் லீவு போட்டுப் போட்டு அவள் பெயரில் தப்புப் புள்ளிகள் ஏறியிருந்தன. இன்னும் ஒன்று விழுந்தால் கேட்டுக்கு வெளியே.

கத்தி மழுங்கிக்கொண்டே இருந்தால் தாண்டிவிடலாம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அந்த வகுப்பு வந்தது.

தலைமை அலுவலகம் அனுப்பிய ஒரு பெண்மணி, ஆண் சூப்பர்வைசர்களை ஓர் அறையில் உட்காரவைத்து மாதவிடாய் பற்றிப் பாடம் நடத்தினார். படம் போட்டுக் காட்டினார். கடைசியில் வயிற்றில் ஒட்டும் ஒரு கருவியை எடுத்தார். மின்சாரம் பாய்ச்சி, பெண்கள் படும் வலியை ஆண்களுக்குக் காட்டும் கருவி. ஹாய்ட் துணிச்சலாக முன்னால் போனார். அரை நிமிடத்தில் தரையில் முட்டி போட்டுவிட்டார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே செல்போனில் படம் பிடித்தார்கள்.

ஹாய்ட் சிரிக்கவில்லை. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

மறுநாள் மதியம், தட்டை எடுத்துக்கொண்டு லாவெர்னுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

"மிஸ் லாவெர்ன், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மாதிரி நாள்ல லைன்ல நின்னுக்கிட்டு எப்படிச் சமாளிக்கிறீங்க?"

அவள் சோள ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினாள்.

"எதுக்குக் கேக்கறீங்க, மிஸ்டர் ஹாய்ட்?"

"என் பொண்டாட்டி பதினெட்டு வருஷமா வலிக்குதும்பா. சும்மா நடிக்கிறான்னு நெனச்சேன். நேத்துதான் தெரிஞ்சுது." அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "என் லைன்ல யாரும் அப்படிக் கஷ்டப்படக் கூடாது. நிஜத்தைச் சொல்லுங்க."

அவளிடம் எந்த ஆணும் இப்படிக் கேட்டதில்லை. கணவனாக இருந்தவன்கூட.

சொல்லிவிட்டாள். கத்தி விஷயத்தைச் சொன்னாள். வில்லா மே இடம் பிடிப்பதைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹாய்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கடவுளே! திருடற மாதிரியா கழிவறைக்குப் போறீங்க? நான் சரி பண்றேன், பாருங்க."

திங்கட்கிழமை சரி பண்ணிவிட்டார்.

காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "சிவப்பு போட்டா மரியாதையா இருக்காதுன்னு ஆரஞ்சு. அந்த நாள்ல பெண்கள் இதைத் தொப்பியில மாட்டிக்கலாம். பட்டை இருந்தா உடனே மாத்து ஆள் வருவாங்க. கேள்வியே கிடையாது. இனிமே யாரும் பொய் சொல்ல வேண்டாம். கத்தி மாத்தறதுக்கும் வண்டி ஒண்ணு லைன் ஓரமாவே வரும். நின்ன இடத்துலயே மாத்திக்கலாம்."

வில்லா மே மெதுவாகத் திரும்பி லாவெர்னைப் பார்த்தாள்.

"யாரு சொன்னது?"

லாவெர்ன் தரையைப் பார்த்தாள்.

"ஏண்டி, உன் வாய்க்கு ஒரு பூட்டு கெடைக்கலியா? அவரு அழுதாரு, நீ கரைஞ்சிட்டே. அப்படித்தானே?"

"நல்லது பண்ணணும்னுதான் கேட்டாரு, வில்லா மே."

"பண்ணிட்டாரே! பாரு, எவ்வளவு நல்லா பண்ணிட்டாரு!"

பட்டையை யாரும் மாட்டவில்லை. யார் மாட்டுவார்கள்? ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் உரச நிற்கிற லைனில், தலைக்கு மேல் விளம்பரப் பலகையா? கழிவறைக்குப் போகாமல் சமாளிக்க இளம் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். இரண்டு பேர் ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள்.

லாவெர்னுக்கு வேறு வழியில்லை. மாட்டினாள்.

பக்கத்தில் நின்று வெட்டும் கார்னெல், லைன் முழுவதற்கும் கோமாளி. அவன் வாய் சும்மா இருக்குமா?

"மிஸ் லாவெர்ன், தூரத்துலேர்ந்து பாத்தா ரோடு போடற ஆளு மாதிரி இருக்கீங்க. லாரிக்காரன்கூட ஒதுங்கிப் போவான்!"

"உன் கோழியைப் பாருடா."

"பாக்கறேன். அது உங்களைத்தான் பாக்குது."

எதிர் வரிசையில் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். சிரித்தால் சீக்கிரம் விடுவார்கள்.

அடுத்த வாரமும் பட்டை. அதற்கடுத்த வாரமும். ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். ஹாய்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். அதுதான் மோசம்.

"மிஸ் லாவெர்ன், நான் உங்களை நம்பினேன். வகுப்புல தெளிவாச் சொன்னாங்க. மிஞ்சிப்போனா ஒரு வாரம். நீங்க மாசம் பூரா மாட்டிக்கிட்டு நிக்கறீங்க."

"எனக்குக் கட்டி இருக்கு, மிஸ்டர் ஹாய்ட். அது நிக்காது. ஆபரேஷன் வரைக்கும் இப்படித்தான்."

"கட்டின்னா அது நோயாச்சே." அவர் நிஜமாகவே குழம்பினார். "பட்டை மாதவிடாய்க்குத்தான். நோய்க்கு ஆபீஸ்ல போய் மருத்துவ லீவு கேக்கணும்."

"கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகலையாம். கெடையாதாம்."

"அப்போ என்னால என்ன பண்ண முடியும், சொல்லுங்க? உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க. நீங்க ஏமாத்துறீங்கன்னு பசங்க இப்பவே பேசறாங்க. இந்தத் திட்டத்தையே மேலிடம் மூடிடும்."

கையை நீட்டினார். அவள் தொப்பியிலிருந்து பட்டையைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

பிப்ரவரி பிறந்தது. அமெரிக்கா முழுவதும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பந்தாட்டம் பார்த்துக்கொண்டே கோழி இறக்கை கடிக்கும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக ஆலை பேய் பிடித்து ஓடியது. லைன் வேகத்தைக் கூட்டினார்கள்.

வியாழக்கிழமை. காலை இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம்தான். லாவெர்னின் அடிவயிற்றில் ஏதோ அறுந்து இறங்கியது.

"மிஸ்டர் ஹாய்ட்! மாத்து ஆள் வேணும்!"

அவர் ஓடி வந்தார். "இப்பத்தானே இடைவேளை முடிஞ்சுது?"

"அவசரம்."

"வில்லா மேவை அந்தப் பக்கம் அனுப்பிட்டேன். ரெண்டு பேரு இன்னிக்கு வரல. சாப்பாட்டு மணி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கங்க. ப்ளீஸ்."

"நான் போயிட்டேன்னா?"

"அனுமதி இல்லாம லைனை விட்டா புள்ளி. உங்களுக்கு ஒண்ணுதான் பாக்கி. என்னை எழுத வெக்காதீங்க, மிஸ் லாவெர்ன்."

அவர் போய்விட்டார். அவள் வெட்டினாள். தோளில் ஒரு வெட்டு. நெஞ்சில் ஒரு இழுப்பு. ஆபரேஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நின்றுவிடலாம். தொடையில் சூடாக இறங்கியது. நிற்கத்தான் வேண்டும். அடுத்த கோழி. அடுத்த கோழி.

கார்னெல் ஏதோ ஜோக் சொல்லத் திரும்பினான். அவன் பார்வை அவள் காலடிக்குப் போனது. வெள்ளைத் தரையில் சிவப்பு.

"ரத்தம்! யாரோ கையை வெட்டிக்கிட்டாங்க!"

அவன் பாய்ந்து தலைக்கு மேல் ஓடிய அவசரக் கயிற்றை இழுத்தான்.

லைன் நின்றது.

யாருக்காகவும் நிற்காத லைன். திடீரென்று வந்த அமைதியில் காது வலித்தது. மனித ரத்தம் தரையில் விழுந்தால் நிறுத்தியாக வேண்டும், சட்டம் அது. லைனில் இருக்கும் இறைச்சி மொத்தமும் குப்பைக்கு. தரை முழுக்க மருந்துக் கழுவல்.

ஹாய்ட் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். "எங்க வெட்டு? கையைக் காட்டுங்க! சீக்கிரம்!"

லாவெர்ன் இரண்டு கைகளையும் நீட்டினாள். கையுறையில் ஒரு கீறல் இல்லை.

ஹாய்ட் கைகளைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அவளுடைய வெள்ளைக் கோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

கார்னெலுக்கும் புரிந்துவிட்டது. "பாஸ், என் ரத்தம்னு எழுதிக்கங்க. நான்தான் வெட்டிக்கிட்டேன். என் கைதான்."

ஹாய்ட் கூரையில் இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார். கார்னெலும் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

மேலே ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். பேச்சு நீளவில்லை. உடல்நிலையை மறைத்து இறைச்சியைக் கெடுத்தது, லைனை நிறுத்தியது. புள்ளியே தேவைப்படவில்லை, வேலை போயிற்று.

பெண்கள் உடை மாற்றும் அறையின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஹாய்ட் பேசினார். "எனக்குத் தெரியாது, மிஸ் லாவெர்ன். சத்தியமா. இவ்வளவு இருக்கும்னு வகுப்புல சொல்லவே இல்ல."

உள்ளே தண்ணீர் சத்தம்.

"என் கோட்டு தரேன். இடுப்புல கட்டிக்கிட்டுப் போங்க."

"கம்பெனி கோட்டு, மிஸ்டர் ஹாய்ட். கேட்ல பிடுங்கிக்குவாங்க."

அதற்குள் லைன் மறுபடி ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. ஹாய்ட் போக வேண்டியிருந்தது. போனார்.

காரில் பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து உட்கார்ந்துகொண்டு லாவெர்ன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண்ணின் குரல் குதூகலமாக இருந்தது.

"ஓ, பிக்கெட் அம்மாவா! உங்க தேதியை மறக்கலியே?"

"இன்ஷூரன்ஸ் இன்னிக்கோட முடியுது. ஆபரேஷனை இன்னிக்கே பண்ணிட முடியுமா?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. யாரையும் புண்படுத்தாத சிரிப்பு. லாவெர்னும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள்.

"அப்படின்னா என் தேதியை ரத்து பண்ணிடும்மா," என்றாள்.